டிரினிடாட் பறவைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கரீபியன் கடலின் தென்கோடியில் உள்ள டிரினிடாட் தீவில் பறவை பார்ப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்த கட்டுரைக்கு வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்துக்கொண்டேன்.

மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றிய பழைய கையேடு ஒன்றை நடைபாதைக் கடையில் வாங்கினேன். அதில் ஜமைக்கா, கியூபா, பார்படோஸ் எல்லாம் இருக்கின்றன, டிரினிடாட் இல்லை. பக்கம் ஏதும் கிழிந்துவிட்டதா?
– வாசகர், சென்னை

பக்கம் கிழியவில்லை. நீங்கள் வாங்கியது ஜேம்ஸ் பாண்ட் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் 1936இல் முதலில் வெளியிட்ட கையேட்டின் ஏதோ ஒரு பதிப்பாக இருக்க வேண்டும். (ஆம், அதே பெயர்தான். ஜமைக்காவில் தங்கி எழுதிய இயான் ஃபிளெமிங் தம் உளவாளிக்கு வைக்கச் சுவையில்லாத, சாதாரணமான ஒரு பெயரைத் தேடியபோது, இந்தக் கையேட்டின் ஆசிரியர் பெயரையே எடுத்துக்கொண்டார்.) பாண்ட் டிரினிடாடையும் அதன் இணைத்தீவான டொபேகோவையும் வேண்டுமென்றேதான் விட்டுவிட்டார். அரசியல் வரைபடத்தில் அவை மேற்கிந்தியத் தீவுகள். பறவைகளின் கணக்கிலோ அவை தென்னமெரிக்கா. டொபேகோவுக்கும் அதற்கு வடமேற்கே உள்ள கிரனடாவுக்கும் இடையில் ஓடும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத எல்லையைப் பறவையியலாளர்கள் இன்றும் ‘பாண்ட் கோடு’ என்றே அழைக்கிறார்கள்.

காரணம் எளிது. டிரினிடாடின் மேற்கு முனைக்கும் வெனிசுவேலாவுக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தில் சுமார் 11 கிலோமீட்டர் கடல்தான் இருக்கிறது. பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது அந்த நீரும் இல்லை. தீவு கண்டத்தோடு ஒட்டியிருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது காடும் காட்டிலிருந்த பறவைகளும் அப்படியே துண்டித்துக்கொண்டு நின்றுவிட்டன. அதனால்தான் ஜமைக்காவிலோ பார்படோஸிலோ காண முடியாத டூக்கன் பறவையையும், எறும்புப் படையைப் பின்தொடர்ந்து இரை தேடும் எறும்புப் பறவைகளையும், நடனமாடும் மானகின் என்னும் சிறு பறவைகளையும் டிரினிடாடில் காண முடிகிறது. இரு தீவுகளிலும் சேர்த்து இதுவரை பதிவான இனங்கள் 480க்கும் மேல். ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவுக்கும் அதன் சிறிய தம்பிக்கும் இது வியப்பான எண்ணிக்கை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜமைக்கா எந்தக் கண்டத்தோடும் ஒட்டாமல் நெடுங்காலம் தனித்துக் கிடந்ததால், உலகில் வேறெங்கும் இல்லாத ஏறத்தாழ முப்பது இனங்களைத் தனக்கென்று உருவாக்கிக்கொண்டது. டிரினிடாடுக்கு மட்டுமே உரியது என்று தயக்கமின்றிச் சொல்லத்தக்க பறவை ஒன்றுதான்: உள்ளூரில் ‘பாவி’ என்று அழைக்கப்படும் குழலொலிக் காட்டுக்கோழி. (நம் மொழியில் அந்தச் சொல்லுக்குள்ள பொருளுக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் வேட்டையாடி வேட்டையாடி அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட அந்தப் பறவையின் கதையைப் படித்தபோது அந்தப் பெயர் எனக்குச் சற்று உறுத்தியது.) வான்கோழியைப் போன்ற உருவம், கருநிற உடல், இறகில் வெண்திட்டு, முகத்திலும் கழுத்துத் தொங்கலிலும் நீலம். வடக்கு மலைத்தொடரின் காடுகளில் எஞ்சியிருப்பவை சில நூறுகூட இல்லை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. வடகடற்கரையில் உள்ள கிராண்ட் ரிவியேர் என்னும் சிற்றூருக்கு மேலே, பழைய சாதிக்காய் மரங்களுக்கு அவை விடியற்காலையில் வந்துபோகின்றன. அவற்றைக் காண வேண்டுமென்றால் முந்தின இரவே அந்த ஊரில் தங்கிவிட வேண்டும்.

ஆகவே, அரிய தீவுப் பறவைகளைப் பட்டியலில் சேர்க்கும் ஆசை உள்ளவர் ஜமைக்காவுக்குப் போகட்டும். ஒரு கண்டத்தின் பறவை வளத்தைச் சிறிய இடத்தில், நல்ல சாலையில், ஒரு வாரத்தில் பார்க்க விரும்புபவருக்கு டிரினிடாட்தான் ஏற்றது.

கட்டுரையோடு வெளிவந்த படத்தில் இருந்த செந்நிற அரிவாள்மூக்கன் உண்மையில் அவ்வளவு சிவப்பா? படத்தில் நிறம் கூட்டியிருப்பதாக என் மகன் சொல்கிறான்.
– வாசகி, கும்பகோணம்

நிறம் கூட்டவில்லை, சொல்லப்போனால் அச்சில் கொஞ்சம் குறைந்துதான் வந்திருக்கிறது. கத்தோலிக்கக் கார்டினல்களின் அங்கி, செம்பருத்தி, மிளகாய்ப் பழம் என்று எதை ஒப்பிட்டாலும் அந்தச் சிவப்புக்கு ஈடாகவில்லை. இறகின் நுனியில் மட்டும் கருமை.

தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குத் தெற்கே, பாரியா வளைகுடாவை ஒட்டிக் கரோனி சதுப்புநிலம் இருக்கிறது. பிற்பகல் நான்கு மணியளவில் தட்டையான படகுகள் அலையாத்திக் காட்டின் கால்வாய்களுக்குள் புறப்படுகின்றன. முதல் ஒரு மணி நேரத்தில் சிவப்பு எதுவும் தென்படாது. கிளையில் சுருண்டு கிடக்கும் மரப்பாம்பையும், நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் ஒரே நேரத்தில் பார்க்கும் நாற்கண் மீனையும் படகோட்டி காட்டுவார். பிறகு படகு ஒரு பரந்த காயலுக்குள் நுழைந்து, அதன் ஓரத்தில் கயிற்றால் கட்டப்பட்டு, பொறி நிறுத்தப்படும். அதன் பின் யாரும் பேசுவதில்லை. சூரியன் சாய்ந்ததும் முதலில் ஐந்தாறு, பிறகு இருபது முப்பது என்று வரிசை வரிசையாக வந்து, எதிரே உள்ள பச்சைத் தீவொன்றில் இறங்கத் தொடங்கும். பகலில் வளைகுடாவைத் தாண்டி வெனிசுவேலாப் பக்கம் மேய்ந்துவிட்டுத் திரும்பும் பறவைகளும் அவற்றுள் உண்டு. இருட்டுவதற்குள் அந்தப் பச்சை மரங்கள் முழுவதும் சிவப்புப் பூப்பூத்தது போல ஆகிவிடும்.

இந்த நிறம் பிறப்பில் வருவதன்று, உணவில் வருவது. குஞ்சு பழுப்பும் வெள்ளையுமாகத்தான் இருக்கும். நண்டு, இறால் முதலியவற்றில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள் உடலில் சேரச் சேர, ஒவ்வொரு முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போதும் சிவப்பு ஏறுகிறது. அந்த உணவு கிடைக்காத விலங்குக்காட்சிச் சாலைகளில் இதே பறவை வெளிறிப்போகும் என்பது உங்கள் மகனுக்கு ஆர்வமூட்டலாம்.

1962இல் விடுதலை பெற்ற டிரினிடாட்-டொபேகோ நாடு இதைத் தன் தேசியப் பறவையாக ஏற்று இலச்சினையிலும் வைத்தது. ஆயினும் இறைச்சிக்காகத் திருட்டுத்தனமாகச் சுடுவது நிற்கவில்லை. 2018இல் அரசு இதைச் சுற்றுச்சூழல் நோக்கில் சிறப்புப் பாதுகாப்புக்குரிய இனமாக அறிவித்து, கொல்பவருக்கு ஒரு லட்சம் டிரினிடாட் டாலர் அபராதமும் ஈராண்டுச் சிறையும் விதிக்க வழிசெய்தது. தேசியப் பறவைக்கே இத்தனை கடுமையான சட்டம் தேவைப்பட்டது என்றால், மற்றப் பறவைகளின் நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படகிலிருந்து பார்த்த அதே பச்சைத் தீவில், சிவப்புக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகளாக அடையும் கொக்குகளுள் உண்ணிக்கொக்கும் இருக்கும். நம் வயல்களில் மாட்டின் காலடியில் நடக்கும் கொக்கின் மேற்கத்திய உறவினம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தானாகவே பறந்து கடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னமெரிக்காவின் வடகரையில் குடியேறிப் பரவியது. கடல் கடந்து இங்கே வந்தவை கொக்குகள் மட்டுமல்ல. கரோனிச் சமவெளியின் கரும்புத் தோட்டங்களுக்கு 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட இந்தியர்கள் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல்; அவர்களுள் சிறு பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். இன்று சதுப்புநிலத்தில் படகோட்டுபவர்கள் பலர் அந்த மக்களின் வழிவந்தவர்களே.

ஓசனிச்சிட்டு என்பது நம் தேன்சிட்டுதானே? பெயரை ஏன் மாற்றி எழுதுகிறீர்கள்?
– வாசகர், நாகர்கோவில்

இரண்டும் வேறு. பூந்தேனுக்காக நீண்ட மூக்கும் மின்னும் இறகும் பெற்றிருப்பதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றனவே தவிர, இரண்டுக்கும் நெருங்கிய உறவு இல்லை. தேன்சிட்டு ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் சார்ந்தது. பெரும்பாலும் கிளையில் அமர்ந்தே தேன் குடிக்கும். ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியது. உழவாரன் குருவிகளின் உறவு. பூவின் முன் காற்றிலேயே அசையாமல் நிற்கும், பின்னோக்கியும் பறக்கும். இறகடிக்கும் ஒலி காதில் ரீங்கரிப்பதால் ஆங்கிலத்தில் இதற்கு ‘ஹம்மிங்பேர்ட்’ என்று பெயர்.

டிரினிடாடில் ஏறத்தாழ பதினேழு வகைகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் என் மனம் கவர்ந்தது கொண்டை ஓசனிச்சிட்டு. ஆணுக்குத் தலையில் செம்பொன் கொண்டை, கழுத்தின் இருபுறமும் புள்ளி வைத்த விசிறி இறகுகள். இத்தனை அலங்காரத்துக்கும் எடை மூன்று கிராமைத் தாண்டாது. வண்டு என்று நினைத்து முதல் இரண்டு முறை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அது விரும்பிச் செல்லும் சிறு ஊதாப் பூச்செடியைப் பார்த்தபோது எங்கோ கண்டது போலிருந்தது. நம் ஊர்த் தரிசுகளில் சீமை நாயுருவி என்று மண்டிக் கிடப்பதும் அதே இனத்தைச் சேர்ந்த செடிதான். அதன் பிறப்பிடம் அமெரிக்க வெப்பமண்டலம். ‘சீமை’ என்ற முன்னொட்டு அதைத்தான் சொல்கிறது.

எனக்கு வயது 68, கணவருக்கு 74. இருவருக்கும் முழங்கால் வலி. மகள் வட அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே செல்லும்போது டிரினிடாடுக்கும் அழைத்துப் போவதாகச் சொல்கிறாள். மலையேற முடியாதவர்கள் அங்கே என்ன பார்க்க முடியும்?
– வாசகி, திருச்சி

தயங்காமல் போங்கள். நாற்காலியில் அமர்ந்தபடியே பறவை பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அரீமா நகருக்கு வடக்கே மலைப்பாதையில் சுமார் 1,200 அடி உயரத்தில் பழைய காப்பி, கொக்கோத் தோட்ட வீடு ஒன்று இருக்கிறது. ஐஸ்லாந்தில் பிறந்து இங்கே வந்து வாழ்ந்த ஆசா ரைட் என்னும் அம்மையாரின் பெயரால் 1967இல் அது இயற்கை மையமாக ஆக்கப்பட்டது. அதன் தாழ்வாரம்தான் புகழ்பெற்றது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் காடு. முன்னே பழத்தட்டுகளும் தேன்குடுவைகளும். காலை ஆறு மணிக்குத் தேநீரோடு உட்கார்ந்தால், எட்டு மணிக்குள் முப்பது வகைகளைப் பார்த்துவிடலாம்: ஊதாவும் பச்சையுமான தேன்கொடியன்கள், டானகர்கள், கழுத்து வெளுத்த ஓசனிச்சிட்டுகள், தொலைவில் உயர்ந்த மரத்தின் உச்சியில் டூக்கன். பெருந்தொற்றுக் காலத்தில் மூடப்பட்டிருந்த இடம் என்பதால், தங்கும் வசதி பற்றி மகள் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

தாழ்வாரத்திலிருந்தே ஓரோபெண்டோலா என்னும் பெரிய கரும்பறவையின் கூடுகளைக் காணலாம். நம் தூக்கணாங்குருவிக் கூட்டைப் பல மடங்கு பெரிதாக்கி, ஒரு முழத்துக்கும் மேல் நீளமாக்கி, ஒரே மரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டாற்போல் இருக்கும். அந்தக் கூடுகளில் திருட்டுத்தனமாக முட்டையிட்டுச் செல்லும் வேறொரு பறவையும் உண்டு. காக்கைக் கூட்டில் குயில் செய்யும் அதே வேலை.

காட்டுக்குள்ளிருந்து கொல்லன் பட்டறையில் பட்டடைக்கல் மீது சம்மட்டி விழுவது போன்ற ஓர் ஓசை நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும். தொண்டையில் தாடிபோல் கருந்தசை இழைகள் தொங்கும் மணிக்குருவியின் குரல் அது. குரலைக் கேட்பது எளிது, பறவையைக் காண்பது அரிது.

முழங்கால் இடம் கொடுத்தால், வீட்டிலிருந்து சிறிது தூரம் சரிவில் இறங்கி வெண்தாடி மானகினின் ஆட்டக்களத்தை மட்டும் பார்த்துவிடுங்கள். ஒவ்வோர் ஆணும் காட்டுத்தரையில் தனக்கென ஒரு சிறு வட்டத்தைச் சருகு ஒன்று இல்லாமல் பெருக்கி வைத்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள சிறு தண்டுகளுக்கிடையே தாவித் தாவி, இறகை அடித்து ஓலைவெடி போல ஒலி எழுப்பும். பெண் வந்து பார்த்து, பிடித்த ஆணைத் தேர்ந்து, பிறகு தனியே கூடுகட்டித் தனியே குஞ்சு வளர்க்கும். ஆண் மீண்டும் பெருக்கத் தொடங்கிவிடும். இந்த நடனத்தின் நுணுக்கங்களை உலகுக்கு விரிவாகச் சொன்ன டேவிட் ஸ்னோ, பார்பரா ஸ்னோ தம்பதியர் 1950களின் பிற்பகுதியில் ஆய்வு செய்தது இந்தப் பள்ளத்தாக்கில்தான். அவர்கள் தங்கியிருந்த ஆய்வு நிலையத்தின் பெயர் சிம்லா! இயற்கையியலாளர் வில்லியம் பீபி 1949இல் வாங்கிய வீடு அது. 1962இல் அவர் இறந்ததும் அங்கேதான்.

எண்ணெய்ப் பறவை என்று ஒன்றைக் குறிப்பிட்டீர்கள். அதிலிருந்து உண்மையாகவே எண்ணெய் எடுத்தார்களா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

எடுத்தார்கள். பறக்கும் பறவைகளுள் இரவில் வெளிவந்து பழம் மட்டுமே தின்று வாழ்வது இது ஒன்றுதான். பனைவகைகளின் பழங்களையும் கொழுப்பு மிகுந்த காட்டுப் பழங்களையும் முழுதாக விழுங்கி, சதையைச் செரித்து, கொட்டையைக் கக்கிவிடும். இந்த உணவில் கொழுப்பு அதிகம், புரதம் குறைவு. அதனால் குஞ்சு மெல்ல வளர்ந்து மூன்று மாதத்துக்கும் மேலாகக் கூட்டிலேயே கிடந்து, ஒரு கட்டத்தில் பெற்றோரைவிட ஒன்றரை மடங்கு எடை பெற்றுவிடும். அந்த நேரம் பார்த்துக் குகைக்குள் நுழைந்து, நீண்ட கம்புகளால் கூடுகளைத் தட்டி, குஞ்சுகளைக் கொன்று உருக்கி, சமையலுக்கும் விளக்குக்கும் எண்ணெய் எடுத்தார்கள். வெனிசுவேலாவின் கரிப்பே குகையில் 1799இல் இதை நேரில் கண்ட ஜெர்மானிய இயற்கையியலாளர் ஹம்போல்ட்தான் இந்தப் பறவையை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தவர்.

குகையின் முழு இருட்டில் இது வழி காண்பது எதிரொலியால். வௌவாலின் ஒலி நம் செவிக்கு எட்டாது. இதன் ‘டிக் டிக்’ ஒலியோ நமக்கு நன்றாகவே கேட்கும். இத்தகைய திறன் பறவைகளில் மிகச் சிலவற்றுக்கே உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் குகைகளில் கூடுகட்டும் சிறிய உழவாரன் குருவி அவற்றுள் ஒன்று. ஆனால் அது பகலில் பூச்சி பிடிப்பது. நெருங்கிய உறவு இல்லாத இரு பறவைகள் இருட்டு என்ற ஒரே தேவையால் ஒரே வழியைக் கண்டடைந்திருக்கின்றன.

மேலே சொன்ன இயற்கை மையத்தின் எல்லைக்குள்ளேயே டன்ஸ்டன் குகை என்று ஒன்று உள்ளது. இந்தப் பறவையை இவ்வளவு எளிதாகக் காணக்கூடிய இடம் உலகில் அதிகம் இல்லை. பலவற்றின் அலறலும் உறுமலும் கலந்து வரும் ஒலியைக் கேட்டவர்கள், இதற்கு உள்ளூரார் ‘டயப்ளோட்டான்’, அதாவது குட்டிப் பிசாசு என்று பெயர் வைத்ததை ஒப்புக்கொள்வார்கள். வழிகாட்டி அனுமதிக்கும் நேரத்தில், அனுமதிக்கும் எண்ணிக்கையில் மட்டுமே போங்கள். கூட்டம் கூடினால் அவை குகையைவிட்டே போய்விடக்கூடும்.

அங்கே பறவைகளுக்கு உள்ளூர்ப் பெயர்கள் உண்டா?
– ஆசிரியை, மதுரை

ஏராளம். அவற்றுள் பல பிரெஞ்சிலிருந்து வந்தவை. தீவு ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தபோது, 1783இல் கத்தோலிக்கக் குடியேறிகளுக்கு நிலம் வழங்கும் ஆணை வந்தது. பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் தம் அடிமைகளோடு வந்து குவிந்தார்கள். 1797இல் ஆங்கிலேயர் பிடித்த பிறகும் பேச்சுவழக்கில் பிரெஞ்சுக் கலவைமொழி நீடித்தது. மஞ்சள் வயிறும் தலையில் கறுப்பு வெள்ளைப் பட்டையும் கொண்டு, மின்கம்பி தோறும் உட்கார்ந்து கத்தும் பறவைக்குக் ‘கிஸ்கடி’ என்று பெயர். ‘அவன் என்ன சொல்கிறான்?’ என்று பிரெஞ்சில் கேட்பது போல அதன் குரல் ஒலிப்பதால். நீலச் சாம்பல் டானகர் ‘புளூ ஜீன்’.

குப்பைமேட்டில் வட்டமிடும் கருங்கழுகை அவர்கள் ‘கோர்போ’ என்கிறார்கள். பிரெஞ்சில் அது பெரிய காக்கையைக் குறிக்கும் சொல். தென்னமெரிக்காவில் நம் காக்கையின் இனம் இல்லவே இல்லை. காக்கையைத் தேடிக் கிடைக்காத குடியேறிகள், அதன் பெயரை அங்கிருந்த கறுப்புப் பறவைக்குச் சூட்டிவிட்டார்கள். காலையில் ஒரு பிடி சோற்றோடு காக்கையைக் கூப்பிட்டுப் பழகிய நமக்குக் காக்கை இல்லாத விடியல் முதல் இரண்டு நாள் என்னவோ போலிருக்கும்.

நாட்கள் குறைவு. டொபேகோவுக்கும் போக வேண்டுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். டொபேகோவின் நடுமலைக் காடு 1776 ஏப்ரல் 17 அன்று சட்டத்தால் காக்கப்பட்டது. காட்டை அழித்தால் மழை குறையும், மழை குறைந்தால் கரும்பு கருகும் என்ற கவலையே காரணம். பறவைகளுக்காக யாரும் அதைச் செய்யவில்லை. ஆயினும் பலன் பறவைகளுக்கும் கிடைத்தது. 1963 செப்டம்பர் 30 அன்று ஃபுளோரா சூறாவளி அந்தக் காட்டைப் புரட்டிப்போட்டபோது, வெண்வால் ஓசனிச்சிட்டு டொபேகோவில் அற்றுப்போனதாகவே எண்ணினார்கள். 1974இல் அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அந்தக் காட்டில் உள்ள கில்பின் தடத்தில் காலை வேளையில் பொறுமையாக நடந்தால் காணலாம்.

வடகிழக்குக் கரையில் ஸ்பேசைடிலிருந்து படகில் போனால் லிட்டில் டொபேகோ என்னும் குட்டித்தீவு. அங்கே 1909இல் வில்லியம் இங்ரம் என்ற ஆங்கிலேயச் செல்வர், நியூகினியை ஒட்டிய அரூ தீவுகளிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட சொர்க்கப் பறவைகளைக் கொண்டுவந்து விட்டார். தொப்பிக்கு இறகு வேண்டி அவற்றைத் தாயகத்தில் வேட்டையாடிய காலம் அது. உலகின் மறுகோடியில் அவற்றைக் காக்க நினைத்தார். அரை நூற்றாண்டு வாழ்ந்தன. ஃபுளோராவுக்குப் பின் சிலவே மிஞ்சி, அவையும் மறைந்தன. நல்லெண்ணத்தில் செய்த வேலைதான். ஆனால் இப்போது அங்கே பாறைமுகடுகளில் கூடுகட்டும் செவ்வலகு வெப்பமண்டலக் கடற்பறவைகளைப் பார்க்கும்போது, இந்தத் தீவுக்கு வெளியிலிருந்து அழகு கொண்டுவர வேண்டிய தேவையே இருக்கவில்லை என்று தோன்றுகிறது.

டொபேகோவின் சின்னமான காக்ரிகோ என்னும் காட்டுக்கோழிக்கு நாட்டின் இலச்சினையில் இடம் உண்டு. விவசாயிகளின் தோட்டத்திலோ அது தீராத தொல்லை.

எந்த மாதம் போகலாம்? என்ன எடுத்துச் செல்ல வேண்டும்?
– பலர்

ஜனவரி முதல் மே வரை மழை குறைவு. வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்த பறவைகளும் ஏப்ரல் வரை இருக்கும். பைனாகுலர், மெல்லிய மழையங்கி, கொசு விரட்டும் களிம்பு, கரோனிப் படகுக்கு ஒரு தொப்பி போதும். பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டுப் போங்கள். மானகினோ மணிக்குருவியோ எதிரி வந்துவிட்டதாக நினைத்து இரை தேடும் நேரத்தை வீணாக்கும்.

முக்கியமான ஒன்று: பறவை பார்ப்பவர்கள் விரும்பி அணியும் பச்சைப் பழுப்புத் திட்டுகள் கொண்ட இராணுவ வகை ஆடையைப் பெட்டியில் வைக்காதீர்கள். டிரினிடாட், டொபேகோவில் குடிமக்களோ சுற்றுலாப் பயணிகளோ அதை அணிவது சட்டப்படி குற்றம். விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்துவிடுவார்கள். தொப்பிக்கும் கைப்பைக்கும் இதே விதிதான். வெறும் காக்கியோ இளம்பச்சையோ போதும்.